பழைய 911-க்குப் புதிய கேம்ஷாஃப்ட்

போர்ஷே 911-இன் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாக எதிரெதிரே படுத்திருக்கும். பக்கத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட். கிராங்க்ஷாஃப்டுக்குக் கீழே ஓடும் இடைத்தண்டிலிருந்து கிளம்பும் இரண்டு செயின்கள் அவற்றைச் சுழற்றுகின்றன. கிராங்க் இரண்டு சுற்று முடிக்கும்போது கேம் ஒரு சுற்று முடிக்கிறது. கேமின் மூக்கு ராக்கரைத் தள்ளுகிறது, ராக்கர் வால்வைத் திறக்கிறது, ஸ்பிரிங் அதை மூடுகிறது. 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்த காரிலிருந்து 1998-இல் முடிந்த கடைசிக் காற்றுக் குளிர்ச்சி 911 வரை இந்த அடிப்படை மாறவில்லை. 1991 சி.சி.யில் 130 குதிரைத்திறனோடு தொடங்கிய எஞ்சின், 993 மாடலில் 3.6 லிட்டரும் 272 குதிரைத்திறனுமாக வளர்ந்தது. ஹான்ஸ் மெட்ஸ்கர் வகுத்த இந்த எஞ்சின் இத்தனை வளர்ச்சியையும் தாங்கியதால்தான், பழைய 911 வைத்திருப்பவர்கள் இன்றும் அதைப் பிரித்துக் கோக்கும்போது வேறு கேம் போடலாமா என்று யோசிக்கிறார்கள்.

அந்த யோசனைக்குச் சரியான விடை காண, முதலில் கேம் எதைத் தீர்மானிக்கிறது என்று தெரிய வேண்டும். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது லிஃப்ட். கிராங்கின் எத்தனை டிகிரி சுழற்சிக்கு அது திறந்திருக்கிறது என்பது டியூரேஷன். உறிஞ்சும் வால்வின் மூக்கு உச்சிக்கும் வெளியேற்றும் வால்வின் மூக்கு உச்சிக்கும் இடையிலான கோணம் மூன்றாவது அளவு. இந்தக் கோணம் குறுகினாலும் டியூரேஷன் கூடினாலும், வெளியேற்றும் வால்வு மூடி முடிப்பதற்குள் உறிஞ்சும் வால்வு திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரத்துக்கு ஓவர்லேப் என்று பெயர். எஞ்சினின் குணத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது இந்த ஓவர்லேப்பும், உறிஞ்சும் வால்வு மூடும் தருணமும்தான்.

காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கினால் உடனே நிற்காது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, பிஸ்டன் அடிமுனையைத் தொட்டுத் திரும்பிய பிறகும் உள்ளே வரும் காற்று தன் வேகத்தால் வந்துகொண்டே இருக்கும். அப்போது வால்வு தாமதமாக மூடினால் சிலிண்டர் கூடுதலாக நிரம்பும். அதே வால்வு 2000 ஆர்.பி.எம்.மிலும் தாமதமாகத்தான் மூடும். ஆனால் காற்றுக்கு அங்கே அந்த வேகம் இருக்காது. மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கைத் திருப்பித் தள்ளிவிடும். ஓவர்லேப்பும் இப்படித்தான். உயர்ந்த சுழற்சியில் வெளியேறும் புகையின் இழுப்பு புதுக் காற்றை உள்ளே இழுக்கிறது. தாழ்ந்த சுழற்சியில் எரிந்த புகையே உறிஞ்சும் குழாய்க்குள் திரும்புகிறது, ஐடிலிங் தள்ளாடுகிறது. ஆகவே எந்தக் கேமும் வெறுமனே சக்தியைக் கூட்டுவதில்லை. இழுவையை ஓர் ஆர்.பி.எம். எல்லையிலிருந்து எடுத்து இன்னோர் எல்லையில் வைக்கிறது.

இதற்கான நல்ல சான்று போர்ஷேயின் சொந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. 1972-இல் 2.4 லிட்டர் என்று அழைக்கப்பட்ட 2341 சி.சி. எஞ்சினை டி, இ, எஸ் என மூன்று தரங்களில் விற்றார்கள். டி 5600 ஆர்.பி.எம்.மில் 130 குதிரைத்திறனும், இ 6200-இல் 165-ம், எஸ் 6500-இல் 190-ம் தந்தன. உச்ச முறுக்குவிசையின் கணக்கு வேறு கதை சொல்கிறது: டி 4000 ஆர்.பி.எம்.மில் 196 நியூட்டன் மீட்டர், இ 4500-இல் 206, எஸ் 5200-இல் 216. குதிரைத்திறன் 60 கூடியபோது முறுக்குவிசை கூடியது 20 மட்டுமே. மீதி ஆதாயமெல்லாம் அதே அளவு முறுக்குவிசையை உயர்ந்த சுழற்சியிலும் தக்கவைத்துக்கொண்டதால் வந்தது. அதற்குக் கேம் மட்டும் காரணமல்ல. கம்ப்ரெஷன் விகிதமும் 7.5, 8.0, 8.5 எனப் படிப்படியாக ஏறியது. காற்று வழிகளும் அகன்றன. தொழிற்சாலை தனிக் கேமை விற்கவில்லை, ஒன்றோடொன்று பொருந்திய தொகுப்பை விற்றது. கேம் வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டிய முதல் பாடம் இது.

கேம்களுக்கிடையே உள்ள தூரத்தை உணர இன்னோர் அளவும் உதவும். 911-இல் கேமின் டைமிங்கைச் சரிபார்க்க, முதல் சிலிண்டரின் பிஸ்டன் ஓவர்லேப் சமயத்தில் மேல்முனையில் நிற்கும்போது உறிஞ்சும் வால்வு எத்தனை மில்லிமீட்டர் திறந்திருக்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். எஸ் கேமுக்கு அந்த அளவு 5.0 முதல் 5.4 வரை. 1984-இல் வந்த 3.2 லிட்டர் கரேராவின் கேமுக்கு 1.1 முதல் 1.4 வரைதான். ஒரே இடத்தில் பிஸ்டன் நிற்க, ஒன்றில் வால்வு அகலத் திறந்திருக்கிறது, மற்றதில் சற்றே விலகியிருக்கிறது. இரண்டும் போர்ஷே கேம்களே. இரண்டும் அதனதன் எஞ்சினுக்குச் சரியானவையே.

இந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் எரிபொருள் ஊட்டும் முறை. வெபர் கார்புரேட்டர்களிலும் பாஷ் இயந்திர இன்ஜெக்‌ஷனிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திராட்டில் உண்டு. ஒரு சிலிண்டரிலிருந்து திரும்பும் காற்றலை மற்றவற்றைக் கலைக்காது என்பதால் இவை அதிக ஓவர்லேப்பைத் தாங்கும். 1974-இல் 911 வரிசையில் பரவலாக வந்த கே-ஜெட்ரானிக் அப்படியல்ல. அதில் எல்லாக் காற்றும் ஒரே தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. தட்டு உயரும் அளவுக்கு எரிபொருள் பாய்கிறது. ஓவர்லேப் மிகுந்த கேம் போட்டால் திரும்பி வரும் அலை அந்தத் தட்டை ஆட்டும், எரிபொருள் கணக்கு தவறும், ஐடிலிங் நிலைக்காது. 3.2 கரேராவின் மோட்ரானிக்கும் மடல் கொண்ட காற்றளவியை நம்பியிருப்பதால் அங்கும் வரம்பு உண்டு. சிப்பில் எரிபொருள், தீப்பொறிக் கணக்குகளைத் திருத்தினால் சிறிது இடம் கிடைக்கும். இயந்திர இன்ஜெக்‌ஷன் வைத்திருப்பவருக்கு வேறு வேலை காத்திருக்கிறது. பம்புக்குள் இருக்கும் முப்பரிமாணக் கேம் பழைய கேம்ஷாஃப்டின் தேவைக்கு ஏற்ப வெட்டப்பட்டது. கேம்ஷாஃப்ட் மாறினால் பம்பையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

அடுத்தது கம்ப்ரெஷன். வால்வு தாமதமாக மூடினால் பிஸ்டன் உண்மையில் அழுத்தும் காற்று குறையும். அந்த இழப்பை ஈடுகட்ட நீண்ட டியூரேஷன் உள்ள கேமுக்கு உயர்ந்த கம்ப்ரெஷன் வேண்டும். குறைந்த கம்ப்ரெஷன் உள்ள எஞ்சினில் காரமான கேமைப் போட்டால் கீழே இழுவை செத்துப்போகும், மேலேயும் முழுப் பலன் வராது. கம்ப்ரெஷனை ஏற்றவும் எல்லை உண்டு. 911-இன் எரியறை அகன்ற அரைக்கோளம். ஒரே ஸ்பார்க் பிளக்கிலிருந்து தீ மறுகரை சேர நேரமாகும். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினின் தலை சூடும் சேர்ந்தால் நாக்கிங் எளிதில் வரும், பிஸ்டன் கெடும். 964 மாடலில் கம்ப்ரெஷனை 11.3-க்கு உயர்த்தியபோது போர்ஷே சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தது தற்செயல் அல்ல. ஒற்றைப் பிளக்கோடு நிற்பவர் கேமையும் அதற்கேற்ப அடக்கமாகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்று வரும் வழியும் போகும் வழியும் மூன்றாவது கவனம். 911 எஸ்.சி.யில் 1978-இன் உறிஞ்சும் துளை 39 மி.மீ.; 1980-இலிருந்து 34 மி.மீ. சிறிய துளையில் காற்று வேகமாக ஓடும், அன்றாட ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் 7000 ஆர்.பி.எம். கேட்கும் கேமுக்கு அது மூச்சடைப்பு. வெளியேற்றும் பக்கத்திலும் அப்படியே. நெருக்கமான சைலன்சரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் இருக்கும்வரை ஓவர்லேப்பின் இழுப்பு உதவாது, புகை திரும்புவதே மிஞ்சும். பழைய மாடல்களில் இருந்த சம நீளக் குழாய் அமைப்பையே துருப்பிடிக்காத எஃகில் திரும்பச் செய்து பலர் பூட்டுவது இதனால்தான்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் சந்தையில் புழங்கும் பெயர்கள் தெளிவாகும். 3.0 எஸ்.சி., 3.2 கரேரா ஆகியவற்றுக்கு மிகச் சாதுவான முன்னேற்றம் 964 கேம். கே-ஜெட்ரானிக்கும் மோட்ரானிக்கும் அதை ஏற்கும். 20/21 என்று அழைக்கப்படும் வடிவம் அதைவிட ஒரு படி காரம். கார்புரேட்டருக்குத் திரும்பியவர்களுக்குப் பழைய 2.0 லிட்டரின் சோலெக்ஸ் கேமும், இ, எஸ் கேம்களும் உள்ளன. பந்தயக் காரான 906-இன் கேம் பந்தயத் தடத்துக்கே உரியது. தெருவில் அது ஓட்டுநரை வாட்டும். பட்டியல்களில் டியூரேஷனை ஒப்பிடும்போது எந்த ஏற்றத்தில் அளந்தது என்று கேட்பது அவசியம். வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து அளப்பவரும், 1.27 மி.மீ. திறந்த பிறகு அளப்பவரும் ஒரே கேமுக்கு வெவ்வேறு எண் சொல்வார்கள்.

கேம் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. பழைய கேம்ஷாஃப்டுகள் மூன்று தாங்கிகளில் சுழல்பவை, பிந்தையவை நான்கில். கேம் கூடும் தண்டும் ஒத்துப்போக வேண்டும். இடது, வலது தண்டுகள் வேறுவேறு. இயந்திர இன்ஜெக்‌ஷன் உள்ள காரில் இடது கேம்ஷாஃப்டின் முனையிலிருந்தே பம்புக்குப் பெல்ட் போகிறது. வாங்கும் தண்டில் அந்த முனை இருக்க வேண்டும். பழைய தண்டையே சாணை பிடித்து வடிவம் மாற்றுவது மலிவு. அப்போது அடிவட்டம் சிறுக்கும். ராக்கர் தொடும் இடம் சற்று நகரும். நல்ல தண்டும் கவனமான கையும் கிடைத்தால் அது குறையாகாது. தேய்ந்த ராக்கரைப் புதுக் கேமோடு சேர்ப்பதுதான் பெருந்தவறு. ராக்கரின் முகத்தைப் புதுப்பித்து, வெண்கலப் புஷ்ஷையும் பார்த்த பின்னரே கோக்க வேண்டும்.

லிஃப்ட் கூடினால் வால்வு பிஸ்டனை நெருங்கும். உறிஞ்சும் வால்வுக்கு 1.5 மி.மீ., வெளியேற்றும் வால்வுக்கு 2.0 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும் என்பது 911 எஞ்சின் கட்டுபவர்களிடையே நிலைத்த விதி. ஸ்பிரிங் முழுத் திறப்பில் சுருள்கள் ஒட்டாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உச்சச் சுழற்சி ஏறுமானால் ஸ்பிரிங்கின் பலமும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகளும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். 3.2 கரேராவின் ராட் போல்ட்டுகள் முந்தைய எஸ்.சி.யினவற்றைவிட மெலிந்தவை, அந்த எஞ்சினில் ஆர்.பி.எம். எல்லையை உயர்த்துவோர் அவற்றை மாற்றுவதே வழக்கம். 1984-க்கு முந்தைய காராக இருந்தால், எஞ்சின் திறந்திருக்கும்போதே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் செயின் டென்ஷனரைப் பூட்டிவிடுவது நல்லது. பழைய டென்ஷனர் சரிந்தால் செயின் பல் தாண்டி வால்வும் பிஸ்டனும் மோதும்.

கோக்கும்போது முதல் சிலிண்டருக்கு டைமிங் வைத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி நான்காவதுக்கு வைக்க வேண்டும். அளக்கும்போது வால்வு இடைவெளி 0.1 மி.மீ. இருக்க வேண்டும். கேம் தயாரித்தவர் தந்த எண்ணே இங்கே சட்டம். பழைய கேமின் எண் உதவாது. முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்.பி.எம். அளவில் இருபது நிமிடம் ஓட்டினால் மூக்குகளுக்கு எண்ணெய் தாராளமாகத் தெறிக்கும், உரசும் முகங்கள் ஒன்றோடொன்று பதமாகும். துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு உள்ள எண்ணெய் இந்தக் கட்டத்திலும் பிறகும் தேவை.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் தேர்வின் வரிசை தானே அமைகிறது. கார் பெரும்பாலும் ஓடும் ஆர்.பி.எம். எது என்பது முதல் கேள்வி. பிறகு எரிபொருள் முறை, கம்ப்ரெஷன், துளைகள், சைலன்சர், கியர் விகிதம். கேம் கடைசியில் வருகிறது. ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் ஓடும் காருக்கு 3000-க்கும் 5500-க்கும் இடையே நிறைந்த இழுவையே இன்பம். அங்கே அடக்கமான கேம் தினமும் பயன் தரும். பந்தயத் தடத்தில் 5000-க்குக் கீழே இறங்காத காருக்கு, ஐடிலிங் தள்ளாடினாலும் எஸ் போன்ற கேம் நியாயமான தேர்வு. இரண்டுக்கும் நடுவே தயங்குபவருக்கு அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சாதுவானதையே பரிந்துரைப்பார்கள். மிதமிஞ்சிய கேமின் குறை ஒவ்வொரு சிக்னலிலும் தெரியும். மிதமான கேமின் குறை, அந்தக் கார் அரிதாகவே தொடும் சில நூறு ஆர்.பி.எம்.மில் மட்டுமே தெரியும்.