அம்மா பார்த்த எறும்பு

திருநின்றவூரில் எங்கள் கொல்லையில் நிற்கும் ஒற்றைப் பப்பாளி மரத்தில், செதில் பூச்சிக்கு உறவான மாவுப்பூச்சி சென்ற ஆண்டு அப்பிக்கொண்டது. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்ற மிடுக்கில் கடை மருந்தை வாங்கி அடித்தேன். வெள்ளை மெழுகுப் போர்வைக்குள் பூச்சி பிழைத்துக்கொண்டது. பள்ளிக்கூடமே அறியாத அம்மா, "மரத்துல எறும்பு ஏறுதே, அத மொதல்ல பாருடா" என்றார்.

விலங்கியல் வகுப்பில்தான் எனக்கு விளங்கிற்று. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நின்று, அதன் பகைவர்களை விரட்டுகிறது. 2008இல் கோவையில் தென்பட்ட இப்பூச்சியை அடக்கியது, 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சின்னஞ்சிறு குளவி. நான் அடித்த நஞ்சு அத்தகைய நண்பனையும் அல்லவா கொன்றிருக்கும்!

எறும்பைத் தடுத்தோம், பூச்சி பிடித்த இலைகளைக் கொளுத்தினோம். மரம் துளிர்த்தது. இப்போதெல்லாம் வகுப்பில் கற்றதை மாலையில் அம்மாவிடம் சொல்கிறேன். அவர் தலையசைத்தால்தான் எனக்கு நிறைவு.