கழற்றியதை எறியாதீர்கள்

பலெர்மோவில் எங்கள் ஆட்களில் பலர் வீட்டு வேலைக்கும் உணவகங்களுக்கும் போகிறவர்கள். இரும்போடு பழகியவர்கள் குறைவு. ஊரோ இரும்புக்குப் பழையது. வின்சென்சோ ஃப்ளோரியோ 1841-இல் இங்கே ஒரேத்தேயா வார்ப்பாலையைத் தொடங்கினார். துறைமுகத்தின் வடபுறம் கப்பல் கட்டும் தளம் இன்றும் இயங்குகிறது. சிறு பட்டறைகளில் ஓடாமல் கிடக்கும் பழைய லேத்துகளுக்கு உயிர் கொடுக்க எங்கள் பிள்ளைகள் சிலருக்கு ஆசை. அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அங்கிள், புதுப் பேரிங் எங்க வாங்கலாம்?"

வாங்குவது சுலபம். இத்தாலிய லேத் என்றால் பேரிங்கில் 'ரிவ்' என்று பொறித்திருக்கலாம். 1906-இல் தூரினுக்கு அருகே வில்லார் பெரோசாவில் தொடங்கிய கம்பெனி அது. அளவெடுத்துக் கொடுத்தால் கடையில் இன்றைய எண்ணைச் சொல்வார்கள். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: துளை 25 மில்லிமீட்டர். யாழ்ப்பாணத்திலும் அதே கணக்கு.

நான் முதலில் கேட்பது கழற்றிய பேரிங்கை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஓடுபாதை நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் போகாமல் வெந்திருக்கிறது. குண்டுகளின் இடைவெளிக்கே குழிகள் விழுந்திருந்தால் பெரும்பாலும் சுத்தியல் வேலை. பாதை முழுக்கச் சொரசொரப்பு என்றால் தூசி. சகாராப் புழுதியோடு சிரோக்கோ வீசும் நாளில் பட்டறைக் கதவு திறந்து கிடந்ததா? தேய்மானம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள், அது உட்கார்ந்த இடம் கோணல். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் போடுவது ஒழுகும் கூரையின் கீழே புதுப்பாய் விரிப்பதுதான்.

மனிதரிடமும் இதையே பார்க்கிறேன். சரிவரவில்லை என்று ஒருவன் முதலாளியை மாற்றுகிறான், பிறகு ஊரை. இங்கிருந்து ஜெர்மனி, அங்கிருந்து இங்கிலாந்து. (போர் துரத்தியவர்களைச் சொல்லவில்லை, அது வேறு கணக்கு.) போன இடத்திலும் அதே சண்டை. முந்தைய சண்டை எதனால் வந்தது என்று அவன் ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

பேரிங் கெட்ட காரணம் தெரிந்துவிட்டால் மீதி கைவேலை. ஸ்பிண்டிலில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தைத் தட்டினால் அடி முழுவதும் குண்டுகளில் இறங்கும். சூடாக்கி ஏற்றுவதானால் 110 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். கூம்பு உருளைப் பேரிங் என்றால் நட்டை முறுக்குவதில்தான் பக்குவம்: தளர்ந்தால் வெட்டும்போது அதிரும், இறுகினால் எரியும். அரை மணி நேரம் ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கில் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு என்றால் விட்டுவிடலாம். கை பொறுக்காவிட்டால் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.