ஒன்றே முக்கால் வயதில் ஓர் அழகர் திருவிழா!

சித்திரை பிறந்துவிட்டால் மதுரைக்காரர்களுக்கு வேறு ஊரில் இருப்புக்கொள்ளாது. சென்னையோ, பெங்களூரோ, துபாயோ... மீனாட்சி கல்யாணத்துக்கு வர முடியாவிட்டாலும், அழகர் ஆற்றில் இறங்குவதற்குள்ளாவது வந்து சேர்ந்துவிடத் துடிப்பார்கள்.

மீனாட்சியம்மன் கோயில் கொடியேற்றத்தில் தொடங்கி பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம் என்று நாள்கள் நகரும். இன்னொரு பக்கம், மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் கிளம்பி வருவார். சித்ரா பௌர்ணமியன்று அதிகாலையில் தங்கக் குதிரையில் அவர் வைகையில் இறங்கும்போது ஆற்றங்கரை முழுக்கத் தலைகளாகத்தான் தெரியும். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, இரண்டு விழாக்களையும் ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்கர் என்று ஊரில் சொல்வார்கள்.

எல்லாம் சரி. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தத் திருவிழாவுக்குப் போவது எப்படி? போன சித்திரையில் செல்லூர் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு வாரம் நடந்த வாக்குவாதம் இதைப் பற்றித்தான்.

ஒரு வேண்டுதல், ஒரு பயம்

அப்பா மதுரைக்காரர். அம்மா கோயம்புத்தூர்ப் பெண். இருவருக்கும் வேலை சென்னையில். குழந்தை பிறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கும்போதே பிறந்துவிட்டான். எடை 1.6 கிலோ. 21 நாள் இன்குபேட்டரில் இருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒயர்களுக்கு நடுவே கிடந்தவனை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா.

அதே 21 நாளும், செல்லூர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அப்பத்தா அழகரிடம் பேசிக்கொண்டிருந்தார். 'புள்ள நல்லபடியா வீடு வந்து சேரட்டும். உனக்கு வேஷம் கட்டி, அவன் கையாலேயே சர்க்கரைச் சொம்பு எடுக்க வைக்கிறேன்' என்பது வேண்டுதல்.

மதுரைப் பக்கம் இது பழகிய நேர்த்திக்கடன்தான். சொம்பில் நாட்டுச்சர்க்கரையை நிரப்பி, அதன் வாயை வாழை இலையால் மூடிக் கட்டி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவார்கள்.

முதல் சித்திரைக்குப் பையனுக்குச் சளி. டாக்டர் அலையவிட வேண்டாம் என்றார். அப்பத்தாவும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சித்திரைக்குப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். இனி தள்ளிப்போடக் காரணம் இல்லை.

ஆனால், அம்மாவுக்குக் காரணம் இருந்தது. 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கியபோது கூட்ட நெரிசலில் சிக்கி 2 பேர் உயிரிழந்த செய்தியை அவள் மறக்கவில்லை.

"அத்தனை கூட்டத்துல இவனை எப்படிங்க அத்தை தூக்கிட்டுப் போறது? 21 நாள் கண்ணாடிக்கு வெளியில நின்னு பார்த்த புள்ளைங்க அத்தை இவன்."

"அந்த 21 நாளும் நான் யாரைத் தாயி கூப்புட்டுக்கிட்டு இருந்தேன்?"

அதற்கு மேல் இருவருமே பேசவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா, மொட்டைமாடியில் காய்ந்த துணியை இரண்டு தடவை எடுத்து மடித்தார்.

யோசித்துப் பார்த்தால், இரண்டு பேர் பேசியதும் ஒரே விஷயம்தான். இந்தப் பையன் பிழைத்து வந்தவன். அதனால் அவனைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்றது ஒரு மனசு. அதனாலேயே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றது இன்னொரு மனசு.

ஆற்றுக்குப் போகாமல் அழகரைப் பார்க்க...

வழி சொன்னது அப்பன்திருப்பதியில் இருக்கும் பெரியம்மா. "ஆத்துக்கு எதுக்குடா போறீங்க? அழகர் எங்க வீட்டைத் தாண்டித்தானடா வர்றாரு!"

உண்மைதான். அழகர்கோவிலில் 18ஆம்படி கருப்பணசாமியிடம் விடைபெற்றுக் கிளம்பும் அழகர், நேராக மதுரைக்கு வந்துவிடுவதில்லை. கள்ளர் திருக்கோலத்தில் பல்லக்கில் ஏறி பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, சுந்தரராஜன்பட்டி என்று வழிநெடுக உள்ள மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருவார். மண்டகப்படிகளின் எண்ணிக்கையே நூற்றுக்கணக்கில் இருக்கும். மறுநாள் காலை மூன்றுமாவடியில் எதிர்சேவை. அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கல். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்துகொண்டு, அதற்கடுத்த நாள் விடியலில்தான் ஆறு.

ஆகவே, ஆற்றில் பார்க்க முடியாதவர்கள் வழியில் பார்க்கலாம். கிராமத்து மண்டகப்படியிலும் கூட்டம் இருக்கும். ஆனால் விலகி நிற்க இடம் இருக்கும். பின்னாலேயே தெரிந்தவர் வீடு இருக்கும். குழந்தைக்குத் தூக்கம் வந்தால் கட்டில் இருக்கும்.

அப்பத்தா ஒரு நாள் முழுக்க யோசித்தார். "சாமி எங்க நின்னாலும் சாமிதான்" என்றார் கடைசியில். அம்மாவும் அன்றிரவே சென்னை திரும்பும் டிக்கெட்டை நான்கு நாள் தள்ளிப்போட்டாள்.

வேஷத் துணிக்கு அலைச்சல் அப்பாவுக்கு. அழகர் திருவிழா உடைகளுக்குப் பெயர்போனவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த புதுமண்டபத்துத் தையல்காரர்கள். அந்தக் கடைகள் இப்போது பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்த குட்டிச் சட்டை, கால்சட்டை, தலைக்கு உருமால். அம்மா துணியைத் தடவிப் பார்த்தாள். உள்பக்க ஜரிகை முள் மாதிரி குத்தியது. பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து உள்ளே ஒரு படலம் வைத்துத் தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அப்பத்தா.

அந்த ராத்திரி

அம்மா போட்ட திட்டம் இதுதான். மதியம் பையனை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவைப்பது. வெயில் தாழ்ந்த பிறகே வீட்டைவிட்டுக் கிளம்புவது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தனி பாட்டிலில் எடுத்துக்கொள்வது. வழியில் கொடுக்கும் பானகத்தையும் நீர்மோரையும் பெரியவர்கள் மட்டும் குடிப்பது. பையனின் முன்கையில் பேனாவால் அப்பாவின் போன் நம்பரை எழுதிவிடுவது. அதே நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவன் பையிலும் போடுவது. சபரிமலை, திருவண்ணாமலை போன்ற இடங்களில் போலீஸே குழந்தைகளின் கையில் பட்டை கட்டிவிடுகிறது. ஒரு பேனா இருந்தால் அதை வீட்டிலேயே செய்துவிடலாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐத் தன் போனிலும் பதிந்துகொண்டாள்.

வாண்டு என்ன குடிக்கிறது என்பதைவிட, எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சித்திரை வெயிலில் உதடு காய்ந்து, அழும்போது கண்ணீர் வராமல், பல மணி நேரம் டயப்பர் நனையாமல் இருந்தால், உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதனால் பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு இருந்தன.

எல்லாம் திட்டப்படி நடந்தது, ஒன்றைத் தவிர. எட்டு மணிக்கு அழகர் வேஷம் கட்டி, தெருவில் எல்லோரிடமும் கொஞ்சல் வாங்கி, சவ்வு மிட்டாய்க்காரர் குச்சியில் கைதட்டும் பொம்மையைப் பார்த்துத் தானும் கைதட்டி, கையில் மிட்டாய் வாட்ச் கட்டிக்கொண்ட பையன், பத்து மணிக்கு அப்பா தோளில் தூங்கிவிட்டான்.

நள்ளிரவு நெருங்கும்போது தூரத்தில் வேட்டுச் சத்தம். தீவட்டி வெளிச்சம். 'கோவிந்தா... கோவிந்தா' என்று தெரு எழுந்து நின்றது. வேட்டுச் சத்தத்துக்கு மிரளக் கூடாதென்று, அம்மா தன் முந்தானையால் பையனின் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அவன் கண்ணே திறக்கவில்லை.

"சாமி... கண்ணு முழிச்சுக்கோ சாமி, அழகர் வந்துட்டாரு பாரு..." கோயம்புத்தூர்க்காரி எழுப்பினாள். உருமால் சரிந்து மூக்கில் விழுந்தது. அவ்வளவுதான்.

அப்பத்தா சொம்பைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். சூடத்தை ஏற்றியவர் பெரியம்மா. தூங்குகிற பையனின் உள்ளங்கையை எடுத்து, சூடு படாதபடி சொம்பின் அடியில் தாங்கிப் பிடித்தாள் அம்மா. அந்தப் பிஞ்சுக் கைக்கு மேல் அவள் கை. அதற்கு மேல் அப்பத்தாவின் கை. பல்லக்கு நின்றது, கொஞ்சம் அசைந்தது, நகர்ந்துபோனது. எல்லாம் சில நிமிடங்கள்தான்.

அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. சூடம் அணைந்த பிறகும் சொம்பை இறக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியாமல் நின்றவரின் முகத்தை, மருமகள்தான் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை எல்லோரும் அசந்திருந்த நேரத்தில், கட்டிலுக்கு அடியில் சத்தம். சொம்பின் வாழை இலையைப் பிய்த்து, முழங்கை வரைக்கும் நாட்டுச்சர்க்கரை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பையன். ஊருக்குக் கொடுக்க வைத்திருந்த பிரசாதம்! அம்மா பதறிப்போய் அப்பத்தாவைப் பார்த்தாள்.

"விடு தாயி. அழகர் தின்னா என்ன, இவன் தின்னா என்ன!"

ஆறு டி.வி-யில், குளம் நேரில்

சித்ரா பௌர்ணமியன்று அப்பா மட்டும் இரவு இரண்டு மணிக்கே ஆற்றுக்குக் கிளம்பிப் போனார். அப்பத்தா போகவில்லை. முழங்கால் வலி என்றார். வெகுகாலத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் அவர் இல்லாத சித்திரை அது. டி.வி. முன்னால் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, அழகர் இந்த வருஷம் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தார். பச்சைப் பட்டு என்றால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது அவருடைய கணக்கு. பேரனுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. குதிரையைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக்கொட்டி 'டொக் டொக்' என்றான். அப்பா சட்டை நனைந்து, செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது, மடியில் இருந்தவன் அவர் முதுகில் ஏறிவிட்டான். அன்று முழுக்க அந்த வீட்டில் அவர்தான் தங்கக் குதிரை.

மறுநாள் மாலை, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குக் குடும்பமாகக் கிளம்பினார்கள். மைய மண்டபம், படிக்கட்டு, குளத்துக் காற்று எல்லாம் பெரியவர்களுக்கு. பையன் அரைமணி நேரம் பார்த்தது ஓர் எறும்பு வரிசையை. அடுத்த கால்மணி நேரம் ஒரு குட்டி நாயை. பஞ்சு மிட்டாயைத் தொட்டுவிட்டு, விரலில் ஒட்டியது எங்கே போனது என்று தேடினான். வாயில் வைத்ததும் கரைந்துபோன அதிர்ச்சியில் அழுதான். பிறகு இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தான்.

இந்த வயதுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் பெற்றோர் பலரும் கண்ட அனுபவம்தான் இது. நாம் காட்ட நினைப்பது ஒன்று. அவர்கள் பார்ப்பது வேறு. திருவிழாவே வந்து எதிரில் நிற்கும்போது தூங்கிவிடுவார்கள். திருவிழா சிந்திவிட்டுப் போன சர்க்கரையை மறுநாள் காலையில் கண்டுபிடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், மதியத் தூக்கம் கெடாத நேரம், அவன் அழுதால் உடனே திரும்பிவிடலாம் என்ற தெளிவு. இது மூன்றும் இருந்தால் போதும், குழந்தையோடு கோயிலுக்கும் போகலாம், குளத்துக்கும் போகலாம். 'இவ்வளவு செலவு பண்ணி வந்தும் இவன் எதையுமே பார்க்கலையே' என்ற வருத்தத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

சென்னைக்குக் கிளம்பும் நாள். துவைத்துக் காய வைத்த அழகர் சட்டையை மடித்துக்கொண்டே அப்பத்தா சொன்னார்: "உள்ள ரெண்டு இஞ்சு துணி விட்டுத்தான் தைக்கச் சொன்னேன். பிரிச்சு விட்டா அடுத்த வருசத்துக்கும் ஆகும். பெட்டியில வச்சுக்க தாயி."

அம்மா சட்டையை வாங்கி, அப்பத்தாவின் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தாள்.

"இங்கேயே இருக்கட்டுங்க அத்தை. அடுத்த வருஷமும் இங்கதானே போடப்போறான்."