கொட்டகையில் பாதி, ஹெப்பாலில் மீதி

பெங்களூரில் எலஹங்காவைத் தாண்டி, அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது அந்த மாட்டுக் கொட்டகை. கலப்பினப் பசு ஒன்றுக்கு விடாத கழிச்சல். புழு மருந்தான அல்பெண்டசோல் கொடுத்தும் நிற்கவில்லை. பரிசோதனைக்குச் சாணம் எடுக்கப் போன கால்நடை மருத்துவருடன் நானும் போயிருந்தேன். மாட்டுக்காரம்மா கிருஷ்ணகிரிப் பக்கம்.

“கீழ கெடக்குறதையே அள்ளிக்கலாமே சார்?”

“மண்ணுல இருக்குற புழுவும் அதுல ஏறிக்கும்மா. அப்புறம் எது மாட்டோடது, எது மண்ணோடதுன்னு குழப்பம்.”

கையுறை மாட்டிய விரல்களை ஆசனவாய்க்குள் விட்டு எடுத்தார். கையுறையை அப்படியே உட்புறம் வெளியாகத் திருப்ப, அதுவே பையாகிவிட்டது. காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார். காற்றும் வெப்பமும் பட்டால் உருண்டைப்புழு முட்டைகள் ஒரே நாளில் பொரிய ஆரம்பித்துவிடும். ஐஸ்பெட்டியில் வைக்கலாம், உறைய விடக்கூடாது.

பக்கத்துப் பசுவுக்குக் காய்ச்சல். காது நுனியில் ஊசியால் குத்தி, வந்த சொட்டை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்தார். மாட்டின் எண்ணை அதில் பென்சிலால் எழுதினார். மை என்றால், சாயம் ஏற்றுமுன் ஸ்லைடை முக்கும் மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும். ஸ்லைடு பெட்டிக்கும் ஃபார்மலின் புட்டிக்கும் ஆகாது, ஆவி பட்டாலே சாயம் ஒழுங்காக ஏறாது என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தார்.

பிறகு படிவம். காது டேக்கின் 12 இலக்கம், வயது, கொடுத்த மருந்து, கொடுத்த தேதி. நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தேன்.

“தீவனம் என்னம்மா?”

“ஏரிப் புல்லுதான். காசில்லாம கெடைக்குது.”

எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் நிமிர்ந்தார். ஏரிக்கரை என்றால் நத்தை. நத்தை இருந்தால் தட்டைப்புழு. அதன் இளம்பருவம் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டு வயிற்றுக்குள் போகும். ‘ஏரிப் புல்’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அங்கிருந்து ஹெப்பால். மாட்டு வெக்கை நோய்க்குச் சீரம் தயாரிக்க 1925இல் மைசூர் சீரம் இன்ஸ்டிடியூட்டாகத் தொடங்கிய நிறுவனம், கால்நடை மருத்துவக் கல்லூரி என்று மாட்டு வைத்தியத்துக்கே பேர்போன இடம்.

ஆய்வகத்தில் முதலில் செறிந்த உப்புக் கரைசல். எடை குறைந்த முட்டைகள் அதில் மிதந்து மேலே வரும். ஒன்றும் வரவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் ‘புழு இல்லை’ என்று சீட்டு எழுதியிருப்பார்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்காது. அடிக்கோட்டைப் பார்த்த ஆய்வாளர் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தெளிய வைத்து, மேல்தண்ணீரைக் கொட்டி, மறுபடி தெளிய வைத்தார். வண்டலில் ஒரு துளி மெத்திலின் நீலம் விட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். நார், சக்கையெல்லாம் நீலமாகத் தெரிய, நடுவே நிறமே ஏறாத பெரிய நீள்வட்டங்கள்.

“ஆம்ஃபிஸ்டோம்னு ஒரு தட்டைப்புழு. ஈரல் புழுவா இருந்தா முட்டை மஞ்சளா இருக்கும்” என்றார். அல்பெண்டசோல் இதற்குக் கேட்காது, ஆக்ஸிகுளோசனைடு வேண்டும்.

ரத்த ஸ்லைடுக்கு கீம்சா சாயம் ஏற்றிக்கொண்டிருந்தபோது வெளியூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. சாதாரண பாலிதீன் பை, ஐஸ் இல்லை, படிவமும் இல்லை. பை உப்பிப் போயிருந்தது. முடிச்சை அவிழ்த்த உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையில் ஒட்டியிருந்த போன் நம்பரைத் தேடினார்.