பேராளரை அனுப்பும் வேலை

மலாக்கா டவுனில் எங்கள் பயண முகவர் கவுண்டருக்கு வேலை பழக வரும் தம்பி தங்கைகளை நான் உடனே கணினிப் பக்கம் விடுவதில்லை. முதலில் தாளும் பென்சிலும்தான். கடப்பிதழைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர், எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். எழுதியதை இன்னொருவர் எழுத்தெழுத்தாக உரக்கப் படிப்பார். எழுதியவர் விரல் வைத்துச் சரிபார்ப்பார். சலிப்பான வேலைதான். ஆனாலும் ஜப்பானில் நடக்கும் மாநாட்டுக்கு ஓர் ஆசிரியரையோ விரிவுரையாளரையோ அனுப்பும் வேலையில் பாதி இந்தத் தாளிலேயே முடிந்துவிடுகிறது. அந்த நாட்டு விஷயத்தில், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்த எதுவும் சுமுகமாக முடிந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பெரியவர், ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு டவுனுக்கு வந்து டிக்கெட் வேலையில் சேர்ந்தார். செக்ரோல் என்ற தோட்ட வருகைப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை அது. செக்ரோலில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு வீட்டில் அன்றைய கூலி போய்விடும் என்பார். அதே பயத்தோடுதான் டிக்கெட்டிலும் பெயர் எழுதினார். கடப்பிதழின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அந்த வரிக்குக் கீழே இரும்பு ரூலரை வைத்து, பென்சில் முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவார். மேலே உள்ள பெயரைப் படித்துவிட்டு விடமாட்டார். ‘படிச்சதைத் திரும்பப் படி’ என்பதைத் தவிர அவர் எனக்கு உபதேசம் என்று எதுவும் சொன்னதில்லை.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு இரட்டை வேலை. கடப்பிதழில் நம் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஏ/எல், ஏ/பி என்று சாய்கோட்டோடு நிற்கும். டிக்கெட் பதிவு அமைப்பிலோ அந்தச் சாய்கோடுதான் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. கடப்பிதழில் உள்ளபடியே தட்டினால் பெயர் தவறான இடத்தில் உடைந்துவிடும். எந்த விமானத்தில் போகிறோமோ அந்த நிறுவனம் இதை எப்படி எழுதச் சொல்கிறது என்று கேட்டு, அதன்படி எழுத வேண்டும். அடுத்தது மாநாட்டுப் பதிவுப் படிவம். அது குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒருவர் தன் பெயரைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார். அலோர் காஜா பக்கத்து ஆசிரியை ஒருவருக்கு மார்பு அட்டையில் அவர் அப்பாவின் பெயர் மட்டும் அச்சாகிவிட்டது. அவைத் தலைவர் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தபோது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. கட்டுரை படைக்க ஒதுக்கிய நேரத்தில் அதுவும் கழிந்தது. அட்டையில் என்ன பெயர் வர வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே மாநாட்டுச் செயலகத்துக்குத் தனியாக எழுதிவிடுங்கள். டிக்கெட், விடுதி, மாநாட்டுப் பதிவு, ஜப்பான் குடிநுழைவுக்கான ‘விசிட் ஜப்பான் வெப்’ பதிவு ஆகிய நான்கிலும் பெயர் ஒன்றுபோல இருக்கட்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலும் அடையாள அட்டையில் வேறொன்றும் இருப்பது சகஜம். எது சரி என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். பயணத்துக்குக் கடப்பிதழில் இருப்பதுதான் பெயர்.

2013 ஜூலை 1 முதல், சில்லு பதித்த மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் 90 நாள் வரையிலான குறுகிய பயணத்துக்கு ஜப்பான் விசா இல்லாமலே போகலாம். அதனால் இப்போது பழகுபவர்கள் விசாத் தாள்களைத் தொட்டே பார்க்காமல் வளர்கிறார்கள். அது போதாது. டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆயர் கெரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் தமிழ்நாட்டு விரிவுரையாளர் கையில் இந்தியக் கடப்பிதழ் இருக்கும். அவருக்கு விசா வேண்டும். நிரந்தரவாசியான சிவப்பு அடையாள அட்டைக்காரருக்கு மலேசியக் கடப்பிதழ் இருக்காது. ஆகவே கவுண்டரில் முதல் கேள்வி ‘எந்த நாட்டுக் கடப்பிதழ்?’ என்பதாக இருக்கட்டும். விசா வேண்டியவருக்கு அழைப்புக் காரணக் கடிதம், நாள்வாரிப் பயண நிரல், உத்தரவாதக் கடிதம் எனச் சில தாள்கள் ஜப்பானில் அழைப்பவர் பக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும். அவர்கள் ஒழுங்காக அனுப்புவார்கள், ஆனால் அவசரமாக அனுப்பமாட்டார்கள். இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும். பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போகத் துறையின் அனுமதியும் வேண்டும். அது கைக்கு வராமல் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட விடாதீர்கள்.

மாநாடு டோக்கியோவில் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அரங்கத்தின் பெயரைக் கேளுங்கள். மகுஹாரி மெஸ்ஸே என்றால் அது டோக்கியோ அல்ல, சிபா மாநிலம். நரிடா விமான நிலையத்துக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் தெரிந்த இடம் என்று ஷின்ஜுகுவில் அறை எடுத்துவிட்டு, தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று ரயிலில் நின்றவர்கள் உண்டு. பசிஃபிகோ அரங்கம் யோகோஹாமாவில்; அதற்கு ஹனேடா பக்கம். கியோட்டோவின் பன்னாட்டு மாநாட்டு மாளிகைக்குக் கராசுமா சுரங்க ரயிலில் ஏறி வடக்குக் கடைசி நிலையத்தில் இறங்கினால் போதும். முதலில் அரங்கம், அடுத்து விடுதி, அதன் பிறகுதான் விமானம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம், மலிவு டிக்கெட் கண்ணில் பட்டுவிடுவதால்.

ஹனேடாவில் இரவு பத்து மணிக்கு மேல் இறங்கும் விமானம் மலிவாகக் கிடைக்கும். இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுத்து வெளியே வரும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். ரயில்களும் ஏறக்குறைய அந்நேரத்தோடு நின்று, விடியற்காலைதான் மறுபடி ஓடும். டாக்சிக்குக் கொடுக்கும் யென்னில் மிச்சம் பிடித்த ரிங்கிட்டெல்லாம் கரைந்துவிடும். வயதானவர் என்றால் காலையில் இறங்கும் விமானமே நல்லது. பெட்டியை விமான நிலையத்திலிருந்தே விடுதிக்கு அனுப்பிவைக்கும் சேவை அங்கே இருக்கிறது. மறுநாள் வாக்கில் வந்து சேரும். ஒரு நாள் உடுப்பையும் கட்டுரைப் பிரதியையும் கைப்பையில் வைத்துக்கொண்டால், படி ஏறி இறங்கும் சிரமம் இல்லை.

பாதை எழுதிக் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிலையத்தின் பெயரை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் ஆனது. பெரிய நிலையங்களில் வாசல்கள் ஏராளம். தவறான வாசலில் ஏறினால் கட்டடமே கண்ணில் படாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதுகிறேன். ஏறும் தடம், இறங்கும் நிலையம், வாசல் எண், அங்கிருந்து நடக்க வேண்டிய திசை. அட்டையின் பின்பக்கம் விடுதியின் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில். அதைக் கத்தரித்துக் கடப்பிதழ் உறைக்குள் வைத்துவிடுவேன். வெளிநாட்டவர் கடப்பிதழை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம், ஆகவே அட்டையும் கூடவே இருக்கும். கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். மின்கலம் தீர்ந்த கைப்பேசியோடு சாலையோரம் நின்ற ஒருவர் இந்த அட்டையை நீட்டியபோது, வழியில் போன ஒரு பெண்மணி அவரை விடுதி வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

ஜப்பானில் நுழையும்போது இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். 2007 நவம்பரிலிருந்து இந்த நடைமுறை. மெர்லிமாவ் பக்கத்துத் தொழிற்சங்கப் பேராளர் ஒருவர் யோகோஹாமா கூட்டத்துக்குப் போனபோதுதான் இதன் கஷ்டம் தெரிந்தது. இளமை முழுவதும் பால்வெட்டுக் கத்தி பிடித்து, ஒட்டுப்பால் பிடுங்கியவர். ரேகை தேய்ந்திருந்தது. கண்ணாடியில் விரலை வைக்க வைக்க இயந்திரம் மறுத்தது, பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி பொறுமையாகத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லிக் கடைசியில் எடுத்துவிட்டார். அதன் பிறகு தோட்ட வேலை செய்த கை என்றால் கவுண்டரிலேயே விரலைத் திருப்பிப் பார்க்கிறேன். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்குக் களிம்பு தடவிப் படுக்கச் சொல்கிறேன். விமானக் குளிரில் விரல் காய்ந்துவிடும். இறங்குவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, வரிசையில் நிற்கும்போது விரல்களை மெல்லத் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். அழுத்தி வைக்கக்கூடாது, பதமாக வைக்க வேண்டும். கவுண்டர் மேசைக் கண்ணாடியில் வைத்துப் பழக்கிவிட்டே அனுப்புகிறேன்.

சாப்பாட்டில் சைவர்கள் ஏமாறுவது குழம்பில்தான். காய்கறிதான் மிதக்கும், தோஃபுதான் மிதக்கும், ஆனால் அடியில் இருப்பது தாஷி. பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. மீன் இல்லையா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பொய் சொல்வதில்லை, துண்டு மீனைத்தான் மீன் என்று நினைக்கிறார்கள். ‘இறைச்சி, மீன், மீன் தாஷி எதுவும் சாப்பிடமாட்டேன்’ என்று ஜப்பானியத்தில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் கொடுங்கள். விமானத்தில் ஏ.வி.எம்.எல் என்று முன்பே பதிந்தால் நம் பக்குவத்தில் சைவம் வரும், எச்.என்.எம்.எல் என்று பதிந்துவிட்டால் இறைச்சி வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து இட்லிப் பொடி, வறுத்த கடலை, எண்ணெய் நன்றாகச் சுண்டிய புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். புளிக்காய்ச்சல் பெட்டியில் போக வேண்டும், கைப்பையில் வேண்டாம். வெறும் சோறு அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆட்டிறைச்சி வறுவலைப் பொட்டலம் கட்டித் தரும் அம்மாக்களை மட்டும் தடுத்துவிடுங்கள். வற்றலானாலும் டின்னானாலும் இறைச்சிப் பொருளைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோவது அங்கே குற்றம். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் கூடாது.

மருந்து வாங்கிப் பெட்டியில் போடுவதற்கு முன் மருந்தாளரிடம் காட்டச் சொல்லுங்கள். இங்கே சளிக்குச் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கிறது. அது 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்தது ஜப்பானுக்குள் போகக்கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் ஒரு மாத அளவுக்குள் இருந்தால் தொந்தரவில்லை. மருத்துவர் கடிதம் ஒன்று கூட இருக்கட்டும். மின்சாரம் அங்கே 100 வோல்ட், தட்டையான இரண்டு முனைச் செருகி. கணினியும் கைப்பேசியும் ஏற்றுக்கொள்ளும். இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகும் சின்னச் சோற்றுப் பானை சரியாகச் சூடேறாது.

கட்டுரை படைப்பவர் தமிழ் எழுத்து வரும் படவில்லைகளைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பதித்து எடுத்துப் போகட்டும். அரங்கத்துக் கணினியில் நம் எழுத்துரு இல்லையென்றால் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். பல கூட்டங்களில் மணி அடிப்பார்கள்: ஒரு தடவை அடித்தால் நேரம் முடியப்போகிறது, இரண்டு தடவை என்றால் முடிந்தது. இரண்டாவது மணிக்குப் பிறகு பேசுவது அங்கே அடுத்தவர் நேரத்தை எடுப்பது. வீட்டிலேயே கடிகாரம் வைத்து, உரக்கப் பேசிப் பழகச் சொல்கிறேன். பெயரட்டையை இரு கையாலும் நீட்டி, இரு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைக்க வேண்டும். உடனே பையில் திணிப்பது மரியாதை இல்லை.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஜப்பான் என்றதும் முகம் மாறுகிற பெரியவர்கள் இருந்தார்கள். 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்துக்கொண்டு போனார்களே, அதில் திரும்பி வராதவர்களின் வீடுகள் இவை. பேரனோ பேத்தியோ டிக்கெட் எடுக்க வரும்போது கூட வந்து, ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் சுற்றுலாப் படத்தாளை நீட்டக்கூடாது. உட்கார்ந்து கேட்க வேண்டும். தாத்தா சயாமோடு போனவர் என்று சொன்ன ஆசிரியை ஒருவருக்கு மாநாடு முடிந்த மறுநாள் காலை நேரம் மிச்சமிருந்தது. டோக்கியோவில் யசுக்குனி ஆலய வளாகத்துப் போர் அருங்காட்சியகத்தில், அந்தப் பாதையில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின், 31ஆம் எண், நுழைவு மண்டபத்திலேயே நிற்கிறது. குடான்ஷிதா நிலையம், வாசல் எண், நடக்க வேண்டிய திசை என்று அதற்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபின் அந்த அட்டையைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார், வீட்டில் வைக்க.

பணத்துக்கு வருவோம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். நம் வங்கிகள் அதை மூடித்தான் வைத்திருக்கும். செவன் இலெவன் கடைகளில் உள்ள இயந்திரத்தில் யென் எடுக்கலாம். ரயிலுக்குச் சுயிகா மாதிரி தட்டும் அட்டை ஒன்று போதும், ஆனால் அதற்கு ரசீது கேட்டு வாங்காவிட்டால் துறையில் கணக்குக் காட்ட முடியாது. பேராளர் திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ் துண்டு, விடுதி ரசீது, மாநாட்டுக் கட்டண ரசீது மூன்றும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே சரிபாருங்கள். விடுதி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இருவர் ஓர் அறையில் தங்கி ஒருவர் பெயரில் ரசீது வாங்கிவிட்டால் மற்றவருக்குப் பணம் கிடைக்காது. விடுதியை விட்டு வருவதற்கு முன் கேட்டால் தனித்தனியாக எழுதித் தருவார்கள். மலாக்காவுக்கு வந்தபின் கடிதம் எழுதிக் கேட்டால் மாதக்கணக்கு ஆகும்.