பேரனின் மனுவும் பாட்டனின் மனுவும்

அகதி என்ற சொல் காதில் விழுந்ததும் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் நினைப்பவர்களே நம்மிற் பெரும்பாலோர். இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மலைகளை யார் நினைக்கிறார்கள்? ஆயினும் ஐரோப்பிய நாடொன்றில் இன்று அடைக்கலம் கோரி மனுவோடு நிற்கும் நம் உறவுக்காரப் பையன் ஒருவனுடைய வேர் அந்த மலைகளிலேதான் இருக்கிறது. அவன் பெயரும் அந்நாட்டின் பெயரும் இங்கு வேண்டாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

பையன் பிறந்தது கிளிநொச்சியில். அவன் தந்தை பிறந்ததோ இறக்குவானைக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்தில். 1977 இல் கலவரம் வந்தபோது அந்தக் குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் மீண்டும் அடியும் தீயும் வந்தபோது, உடுத்த துணியோடு வடக்கே போய்விட்டது. அங்கே காடு வெட்டி நிலம் திருத்தினார்கள். 2009 இல் யுத்தம் முடிந்தபோது அந்த நிலத்தில் ஒரு கூரையும் மிஞ்சவில்லை. அதன் பின்னர் பையனுக்கு நேர்ந்தவற்றை விரித்தெழுத நமக்கு மனமில்லை. அவற்றை அதிகாரியிடம் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு பகல் முழுதும் சென்றதாம்.

அடைக்கலம் கோருவது எத்தகையது என்பதை மாணவர்கள் அறிந்து வைத்திருப்பது நன்று. 1951 ஜூலை 28 ஆந் திகதி ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கையே இதற்கு மூலம். முதலில் அது 1951 க்கு முந்திய சம்பவங்களால் இடம்பெயர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1967 இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்குத் தக்க ஆதாரம் இருக்கவேண்டும். வறுமை அந்த ஐந்தில் இல்லை. சுவிட்சர்லாந்தில் விசாரணை மொழிபெயர்ப்பாளர் மூலம் நடக்கிறது. எழுதிய வாக்குமூலத்தை மனுதாரரின் மொழியில் திரும்ப வாசித்துக் காட்டியே கையொப்பம் வாங்குகிறார்கள். 2019 மார்ச் முதல் அங்கே இலவசச் சட்ட உதவியும் உண்டு. துரித வழக்குகளை 140 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குண்டுச் சத்தத்தினிடையே திகதி எண்ணிக்கொண்டிருந்தவர் யார்? சொன்ன திகதி ஒன்றுக்கொன்று பிசகினால் சந்தேகம் பிறந்துவிடுகிறது.

நம் பையனிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் இரண்டு அவனைத் திகைக்க வைத்தன. தந்தையின் ஊர் இரத்தினபுரி மாவட்டம் என்றால் அங்கே போய்ப் பாதுகாப்பாக வாழ்ந்தாலென்ன? பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் தந்தையின் இனம் 'இந்தியத் தமிழர்' என்றிருக்கிறதே, இந்தியாவுக்குப் போகலாகாதோ? இவற்றைக் கேட்ட அதிகாரியை நாம் குறை கூற மாட்டோம். நம் நாட்டிலேயே படித்தவர்கள் பலர் இதைக் கேட்கக் கண்டிருக்கிறோம். கேள்வி ஒரு வரி. விடையோ எழுபது வருஷத்துச் சரித்திரம்.

மனு தள்ளுபடியாயிற்று. மேன்முறையீட்டுக்குப் பழைய பத்திரங்கள் வேண்டுமென்று அவன் எழுதவே, நாம் இறக்குவானைக்குப் புறப்பட்டோம். தோட்டத்துக் காரியாலயத்தில் அக்காலத்துச் செக்ரோல் எதுவும் இல்லை என்றார்கள். பாட்டனாரின் தங்கையார் இன்னும் லயத்தில் இருக்கிறார். அவருடைய தகரப் பெட்டிக்குள், அரிசிக் கூப்பன் புத்தகத்தின் அட்டையோடு மடித்துக் கிடந்தது பாட்டனார் போட்ட பிரஜாவுரிமை மனுவின் பிரதி.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் இடைவிடாது இங்கே வசித்ததை நிரூபித்தால் உரிமை தரலாம் என்றது. மனுச் செய்யும் தவணை 1951 ஆகஸ்ட் 5 ஆந் திகதியோடு முடிந்தது. ஜெனீவாவில் உலகத்து அகதிகளுக்காகக் கையொப்பமிட்டு எட்டாவது நாள் அது! சுமார் 825,000 பேருக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கே. நம் பாட்டனாரிடம் கேட்டதும் திகதிதான்: எந்த ஆண்டு வந்தாய், எந்த ஆண்டு இந்தியாவுக்குப் போய்த் திரும்பினாய்? அவருக்கு நினைவிருந்தது மழையும் பஞ்சமும்.

"எழுதத் தெரியாத மனுசன்கிட்ட தேதி கேட்டா என்னத்தச் சொல்லுவாரு தம்பி?" என்றார் கிழவியார்.

1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று. அந்த எச்சத்தையும் 1974 இல் பாதி பாதியாக்கினார்கள். பாட்டனாரின் தம்பி தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் போனவர். பின்பு செய்தி இல்லை. அந்தக் கப்பலும் 1984 இல் நின்றுபோயிற்று. பாட்டனார் போக மறுத்து, எந்த நாட்டவருமல்லாமலே கண்ணை மூடினார். பையனின் தந்தைக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அப்போது அவர் கிளிநொச்சியில் இருந்தார். 'இந்தியத் தமிழர்' என்பது பத்திரத்தில் ஓர் இனப் பெயர்; இந்தியா அவருக்கு ஒருபோதும் நாடாயிருந்ததில்லை. இதை நாம் மூன்று பக்கங்களில் எழுதினோம்.

இரத்தினபுரிக்குப் போகலாமே என்பதற்கு விடை நேரிற் கண்டதுதான். அவர்களுடைய லயக் காம்பிராவில் முப்பது வருஷமாக வேறொரு குடும்பம் வாழ்கிறது, குற்றமில்லாத ஏழைகள். காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம், காணி உறுதி எவருக்கும் கிடையாது. வேலை செய்பவருக்கே அங்கே இடம். அந்த ஊரைக் கண்ணாற் காணாத பையன் எந்த வாசலில் போய் நிற்பான்?

பத்திரங்களைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். இப்போது அவனுடைய வழக்கறிஞர் இன்னொன்று கேட்டிருக்கிறார்: 1981 இல் அந்தப் பகுதியில் லயங்கள் எரிந்தமைக்கு எழுத்துச் சான்று. அக்காலத்துப் பத்திரிகைகளைப் புரட்ட வரும் புதன்கிழமை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக இருக்கிறோம்.