உருளும் வீடு – 4: மாவு டப்பா மலையேறிய கதை

வண்டிக்குள்ளேயே அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், குளியலறை என்று போன வாரம் ஆர்.வி.யைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன். அப்போது நாங்கள் சமவெளியில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகும் 120ஆம் நெடுஞ்சாலையில், குரோவ்லண்டுக்கு முன்னால் பிரீஸ்ட் கிரேடு என்றொரு ஏற்றம். வளைவுக்கு மேல் வளைவு. மேல் அலமாரி ஒன்று திறந்துகொண்டது. ஊரிலிருந்து சுமந்து வந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து தயிர் தரையெல்லாம் ஓடியது. குக்கர் தன்பாட்டுக்கு உருண்டு குளியலறைக்குள் போனது. எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்ததால் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

“நிறுத்துங்க மாப்ளே!” என்று என் கணவர் கத்தினார்.

“நிறுத்த இடமில்ல மாமா!”

வண்டியை வாடகைக்கு விட்டவர்களின் விளம்பரப் படத்தில் மேசைமேல் பழக்கூடையும் கண்ணாடிக் கோப்பைகளும் இருந்தன. இன்சூரன்ஸைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர்கள், அலமாரியை எப்படிப் பூட்டுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று இரவு தங்கிய முகாமில், நாங்கள் தயிரைத் துடைப்பதைப் பக்கத்து வண்டிப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பெட்டியோடு வந்தார். “இது வீடு இல்லையம்மா, தினமும் நிலநடுக்கம் வரும் வீடு” என்றார். கனமானதெல்லாம் கீழே, மேல் அலமாரிக்குத் துண்டும் சிப்ஸும் போதும். தட்டுகளுக்கு இடையில் துணி. அலமாரித் தட்டில் வலைபோன்ற ரப்பர் விரிப்பு. மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கட்டிலில் வைக்க வேண்டும். கிளம்பும் முன் கேஸை மூடிவிட்டு, ஒவ்வொரு கதவையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் பொருள்கள் சரியாமல் குறுக்கே மாட்டும் ஸ்பிரிங் கம்பி இரண்டைத் தானே பொருத்திக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். முறுக்கு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

1954இல் லூசில் பால் நடித்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தைப் பார்க்கச் சொன்னார் அவர் மனைவி. அதில் கதாநாயகி ஊர் ஊராகக் கல் பொறுக்கி வண்டிக்குள் ஒளித்து வைப்பாளாம். மலையேறும்போது அந்தப் பாரமே வினையாகுமாம். என் மகள் என் அரிசி மூட்டையை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் டியோகா சாலை. வெள்ளி கிடைக்கும் என்று நம்பி ஒரு சுரங்கக் கம்பெனி 1883இல் போட்ட வண்டிப்பாதை இது. வெள்ளி தேறவில்லை, பாதை மட்டும் மிஞ்சியது. 1915இல் ஸ்டீபன் மாதர் என்பவர் நண்பர்களிடமும் பணம் திரட்டி அதை வாங்கி அரசுக்குக் கொடுத்தார். நம் ஊரில் பொதுப்பாதையைத் தன் பட்டாவில் சேர்த்துக்கொள்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு டம்ளர்கூட அசையவில்லை. ஆனால் ஏற ஏற, சிப்ஸ் பாக்கெட்டுகள் வயிறு உப்பி வெடிக்கப் பார்த்தன. டியோகா கணவாய் 3,031 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். பாக்கெட்டாவது பொறுத்தது. ஏற்கெனவே புளித்துப் பொங்கத் தயாராக இருந்த இட்லி மாவு பொறுக்குமா? கணவாயை நெருங்கும்போது ‘டப்’பென்று மூடி தெறித்தது. ஸ்பிரிங் கம்பி டப்பாவைத்தான் பிடிக்கும், மாவைப் பிடிக்காதே!

“கடையில ரவா வாங்கி உப்புமா பண்ணியிருக்கலாம்ல அத்தே?” என்றார் மாப்பிள்ளை, சிரிக்காமல்.

அப்புறம் மோனோ ஏரி. உப்பு ஏரி, அழகுதான். மாவைத் துடைத்துவிட்டுப் பார்த்ததால் அதற்குமேல் எழுதத் தெம்பில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். அலமாரிக் கொக்கி உடைந்ததென்று 60 டாலர் பிடித்தார்கள். அது முன்பே தளர்ந்திருந்ததை மாப்பிள்ளை முதல் நாளே படம் எடுத்து வைத்திருந்தார். காட்டியதும் 30 ஆனது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் அதே மாதிரிக் கொக்கியைப் பார்த்தோம். விலை 4 டாலர்.